கெட்: அர்த்தத்தை மனப்பாடம் பண்ணாதீர்கள், அடுத்த சொல்லைப் பாருங்கள்

இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொள்பவர்களை வாய்க்குள் நுழையாத நீளச் சொற்களைவிட அதிகமாகப் படுத்துவது கெட், டேக், ரன், செட் போன்ற பொடிச் சொற்கள்தான். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்காரர்கள் 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் பிரித்திருக்கிறார்கள். அதையெல்லாம் யார் படிப்பது? இன்றைக்கு 'கெட்' மட்டும். இது இல்லாமல் சென்னையில் எந்த ஆபீஸிலும் அரை மணி நேரப் பேச்சு ஓடாது.

உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன், வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பதற்காக. கெட் நிகழ்காலம், காட் இறந்தகாலம். கோ, வென்ட், கான் வரிசையில் மூன்றாவதாக வரும் வடிவம் எது என்று தெரிந்திருந்தால் போதும்.

படி 0: அகராதி

ஆங்கிலம்–தமிழ் அகராதியை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். பெறு, அடை, ஆகு என்று வரிசையாகக் கொட்டும். எந்த இடத்தில் எது என்று சொல்லாது. என் ஓட்டு காலின்ஸ் கோபில்டுக்கு. 1987-ல் முதல் பதிப்பு வந்தபோதே விளக்கங்களை முழு வாக்கியமாக எழுதிய அகராதி அது. சொல்லை எப்படிப் புழங்குவது என்பது விளக்கத்துக்குள்ளேயே இருக்கும். திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பழைய புத்தகக் கடைகளில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். பழைய பதிப்பே போதும், 'கெட்' என்ன போன வருஷமா மாறியது? போனில் பார்ப்பதென்றால் கேம்பிரிட்ஜ் தளம் இலவசம்.

படி 1: பின்னால் ஒரு பொருள் வந்தால்

கிடைத்தது, வாங்கினேன், எடுத்து வா. ஐ காட் எ ஜாப். கெட் சம் மில்க். நாம் 'எனக்கு வேலை கிடைத்தது' என்கிறோம். அந்த 'எனக்கு' இங்கிலீஷில் 'ஐ' ஆகிவிடும், 'டு மீ' ஆகாது. அவ்வளவுதான்.

படி 2: பின்னால் தன்மை வந்தால்

ஆயிடுச்சு. இது நமக்கு இலவசமாகக் கிடைத்த படி. லேட்டாயிடுச்சு: இட் காட் லேட். நனைஞ்சுட்டேன்: ஐ காட் வெட். 'கோபம் வந்தது' மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். தமிழில் வந்தாலும் இங்கிலீஷில் ஹி காட் ஆங்க்ரி, 'கேம்' கிடையாது. கல்யாணம் ஆனது: ஷி காட் மேரீட். யாரோடு என்று சொல்ல 'வித்' போடாமல் 'டு' போடுங்கள்.

படி 3: பின்னால் இடம் வந்தால்

போய்ச் சேர்வது. ஐ காட் டு தாம்பரம் அட் நைன். ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் 'டு' வேண்டாம். ஐ காட் ஹோம் லேட்.

படி 4: வேலையை அடுத்தவர் செய்தால்

நான் அதிகம் திண்டாடியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிற்போம்.

'முடி வெட்டிக்கிட்டேன்' என்கிறோம். வெட்டியது சலூன்காரர். 'வேளச்சேரியில வீடு கட்டினேன்' என்கிறோம். கட்டியது கொத்தனார். தமிழில் யாரும் குழம்புவதில்லை. இதையே ஐ கட் மை ஹேர் என்று சொன்னால், கண்ணாடி முன்னால் நின்று நீங்களே கத்தரிக்கோல் பிடித்ததாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. சொல்ல வேண்டியது: ஐ காட் மை ஹேர் கட்.

வரிசை முக்கியம்: காட், அப்புறம் பொருள், கடைசியில் அந்த மூன்றாவது வடிவம். ஐ காட் மை பைக் சர்வீஸ்ட். ஐ காட் மை ஷர்ட்ஸ் அயர்ண்ட். பொருளைக் கடைசிக்குத் தள்ளி 'ஐ காட் சர்வீஸ்ட் மை பைக்' என்று சொன்னால் வாக்கியமே நிற்காது. 'காட்' இடத்தில் 'ஹேட்' போட்டாலும் இதே வரிசைதான். ஆனால் ஐ ஹேட் கட் மை ஹேர் என்று இடம் மாற்றினால், முன்னாடியே நானே வெட்டிவிட்டேன் என்று ஆகிவிடும்.

செய்த ஆளைச் சொல்ல வேண்டுமா? அப்போது 'டு' வரும்: ஐ காட் தி எலக்ட்ரீஷியன் டு செக் தி ஃபேன். இதில் பேசிக் கீசிச் சம்மதிக்க வைத்த வாசனை இருக்கிறது. ஐ மேட் ஹிம் செக் என்றால் அதட்டி வேலை வாங்கிய மாதிரி; அதற்கு 'டு' கிடையாது.

பழகுவதற்கு ஒரு வழி: இஸ்திரி, தையல், ஜெராக்ஸ், பஞ்சர் என்று காசு கொடுத்து செய்துகொள்ளும் வேலைகளை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றையும் இந்த அச்சில் சொல்லிப் பாருங்கள்.

நமக்கு வேண்டாதது நடந்தால் பொருளை முன்னால் வையுங்கள். தி.நகரில் நோ பார்க்கிங்கில் விட்ட வண்டியைத் தூக்கிப் போனால், மை பைக் காட் டோட். அதை ஐ காட் மை பைக் டோட் என்றால், நீங்களே ஆள் வைத்து இழுத்துப் போகச் சொன்னதாகவும் கேட்கும்.

படி 5: ஏறுவதும் இறங்குவதும்

'கிண்டியில கெட் டவுன் பண்ணிக்கோ' இங்கே எல்லாருக்கும் புரியும், தப்பென்று நான் சொல்ல மாட்டேன். வெளிநாட்டு ஆளிடம் பேசும்போது மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அவருக்கு 'கெட் டவுன்' என்றால் ஏணியிலிருந்தோ மரத்திலிருந்தோ இறங்குவது; அல்லது குனிந்துகொள்வது. பஸ், ரயில், மெட்ரோ, விமானம் எல்லாவற்றுக்கும் கெட் ஆன், கெட் ஆஃப். காருக்கு கெட் இன், கெட் அவுட்.

பின்சேர்க்கை: ஆட்டோவுக்குக் கதவே இல்லையே, அது எந்தக் கட்சி என்று ஒருவர் கேட்டிருந்தார். கதவைப் பார்க்காதீர்கள். உள்ளே எழுந்து நடக்க முடியுமா என்று பாருங்கள். நடக்க முடிந்தால் ஆன், ஆஃப். குனிந்து நுழைந்து உட்கார மட்டும் இடமிருந்தால் இன், அவுட். ஆகவே ஆட்டோ கார் கட்சி. ஷேர் ஆட்டோவில் எத்தனை பேர் தொற்றினாலும் அதேதான். பைக்குக்கு உள்ளே என்பதே இல்லை, மேலே உட்காருகிறோம். அதனால் ஆன், ஆஃப்.

படி 6: ஹேவ் காட்

ஐ'வ் காட் எ பைக் என்றால் இப்போது என்னிடம் பைக் இருக்கிறது. பார்க்க இறந்தகாலம், அர்த்தம் நிகழ்காலம். அமெரிக்கர்கள் 'காட்டன்' என்று ஒரு வடிவத்தையும் வைத்திருக்கிறார்கள்: ஹி ஹேஸ் காட்டன் பெட்டர். துணியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நாம் பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் வழி, ஹி ஹேஸ் காட் பெட்டர் என்றே சொல்லலாம்.

கடைசியாக ஒரு பொறி. ஐ காட் டு மீட் தி எம்.டி. என்றால் எம்.டி.யைச் சந்திக்க வாய்ப்பு கிடைத்தது. ஐ'வ் காட் டு மீட் தி எம்.டி. என்றால் சந்தித்தே ஆகணும், இன்னும் சந்திக்கவில்லை. வேகமாகப் பேசும்போது அந்த 'வ்' காதில் விழவே விழாது, பல பேர் அதைச் சொல்வதும் இல்லை. சந்தேகமாக இருந்தால் கூச்சப்படாமல் 'ஆல்ரெடியா, இனிமேலா?' என்று கேட்டுவிடுங்கள்.