சாரல் காலத்தில் கற்றாழையைக் காப்பாற்றுவது எப்படி?

செங்கோட்டை, தென்காசி பக்கம் அழகுக்காகக் கற்றாழை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் செடியைப் பறிகொடுப்பது கோடையில் இல்லை, ஆனி ஆடியில்தான். ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வர ஆரம்பித்துவிட்டால், பெருமழை என்று சொல்லும்படி எதுவும் பெய்யாது, ஆனால் தொட்டி மண் நாள்கணக்கில் காயவே காயாது. நமக்கு அது சுகமான குளிர்ச்சி. ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் வறண்ட பாறை இடுக்குகளில் வளர்ந்து பழகிய செடிக்கு அது வேரழுகல். இதில் "மழைதான் சரியாகப் பெய்யவில்லையே" என்று காலையில் ஒரு செம்புத் தண்ணீர் வேறு ஊற்றுகிறோம்.

கிழமை பார்த்துத் தண்ணீர் விடாதீர்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், அங்கேயும் காய்ந்திருந்தால் மட்டும் அடித்துளை வழியாக வடிகிற அளவுக்கு ஊற்றுங்கள், அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். சாரல் மாதங்களில் தொட்டிகளை வீட்டுக்குக் கிழக்கே, தாழ்வாரத்துக்கு அடியில் மாற்றிவிடுவது நல்லது. காற்று மேற்கிலிருந்துதானே வருகிறது.

நர்சரியில் வாங்கிய செடி பெரும்பாலும் தேங்காய் நார்க்கழிவில்தான் இருக்கும். மேலே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே பஞ்சு மாதிரி ஈரம் பிடித்து வைத்திருக்கும். அதை உதிர்த்துவிட்டு, செம்மண் ஒரு பங்கு, பருமணலும் உடைத்த செங்கல் சல்லியும் சேர்த்து இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு கைப்பிடி என்று கலந்து நடுங்கள். பச்சைச் சாணி வேண்டவே வேண்டாம். அடியில் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் வடியும் என்று எல்லோரும் நம்புகிறோம், அது சரியில்லை: மேலே உள்ள மண் முழுக்க ஊறிய பிறகுதான் தண்ணீர் கல்லுக்குள் இறங்கும், ஆக ஈரம் வேர்ப்பக்கமே நிற்கும். வேருக்குத் தகுந்த சின்ன மண்தொட்டி போதும்.

அப்புறம் வெயில். இரண்டு மாதம் நிழலில் இருந்த செடியை ஆவணி வெயிலில் ஒரே நாளில் மொட்டை மாடிக்கு ஏற்றினால் இலை வெந்துவிடும், அந்தத் தழும்பு போகாது. முதலில் காலை வெயில் மட்டும், பத்து நாளில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். இலை லேசாகச் சிவந்தால் பயம் இல்லை.

படத்தில் பார்த்து ஆசைப்பட்டு, சுருள் சுருளாக அடுக்கிய லெசோத்தோ நாட்டு மலைக் கற்றாழையை வாங்காதீர்கள். பனி விழும் உயரத்தில் வளர்வது அது, நம் ஊர்ச் சூட்டைத் தாங்காது. தோட்டத்துக்கு என்று ஆனைக்கற்றாழையைக் கொடுத்தாலும் யோசியுங்கள். அது அமெரிக்காவிலிருந்து வந்த வேறு இனம், இலையைக் கிழித்தால் சோறு இருக்காது, நார்தான் வரும். ஆளுயரம் வளர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், ஒரு முறை பூத்ததும் தாய்ச்செடி பட்டுப்போகும்.

அடி இலை கொழகொழவென்று ஆகிவிட்டதா? உடனே பிடுங்கி, கறுத்த வேரையும் அழுகிய பகுதியையும் சுத்தமான கத்தியால் வெட்டி எறியுங்கள். உள்ளே நல்ல நிறம் தெரியும்வரை வெட்ட வேண்டும். பிறகு ஒரு வாரம் நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள். காய்ந்து செத்துவிடுமோ என்று பதற வேண்டாம், திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டிய கற்றாழை மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக இருப்பதை நாம் பார்த்ததுதானே. வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டியதும் உலர்ந்த மண்ணில் நட்டுவிட்டு, அடுத்த ஒரு வாரம் சொட்டுத் தண்ணீர்கூட விடாதீர்கள்.