மீட்டரில் 15 லிட்டர், மாஸ்க்கில் இல்லை

2021 மே, இரண்டாம் அலை. எங்கள் கொரோனா வார்டில் ஒரு கட்டிலில் மட்டும் யாரைப் படுக்க வைத்தாலும் ஆக்சிஜன் அளவு 88-ஐத் தாண்டாது. பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றினால் 94. நாள்கணக்கில் தலைவலி.

ஆக்சிமீட்டரை மாற்றினோம். மாஸ்க்கை மாற்றினோம். குப்புறப் படுக்க வைத்தோம். சுவர்க் குழாயின் அழுத்தத்தை டெக்னீஷியன் பார்த்தார், சரி. ஆக்சிஜன் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டரின் குண்டும் நிமிடத்துக்கு 15 லிட்டரில் ஆடாமல் நின்றது. அடுத்து ஆக்சிஜனை ஈரமாக்கும் தண்ணீர்க் குப்பி, அதிலும் குமிழி கொப்பளித்தது.

ஆனால் மாஸ்க்கில் ஆக்சிஜன் சேரும் பை பாதிதான் உப்பியது. குப்பியிலிருந்து மாஸ்க்குக்குப் போகும் டியூபை மடித்துப் பிடித்தேன். அப்படிச் செய்தால் உள்ளே அழுத்தம் ஏறி, குப்பியின் வால்வு விசிலடிக்க வேண்டும், சத்தமே இல்லை. மூடியைக் கழற்றினால் உள்ளே ரப்பர் வாஷரைக் காணோம். பிளீச்சிங் கரைசலில் ஊறப்போட்டுக் கழுவும்போது விழுந்திருக்கும். குண்டு காட்டுவது குப்பிக்கு முந்தைய அளவு. கசிவு அதற்குப் பிந்தியது. கவச உடைக்குள் அந்த 'உஸ்' எங்கே கேட்கும்?

வேறு குப்பி மாட்டியதும் பை நிறைந்தது, அளவும் ஏறியது. அப்பாடா! ஒன்று, கசிவை அடைக்க வாஸ்லின் தடவாதீர்கள். ஆக்சிஜன் இணைப்பில் எண்ணெய்ப்பசை பட்டால் தீப்பிடிக்கலாம்.