பிள்ளைக்கு ஓ.டி. தொடங்கும்போது: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

ஒன்ராறியோவில் பிள்ளைக்கு நான்கு வயதாகும் ஆண்டின் செப்ரெம்பரிலேயே பாலர் வகுப்பு தொடங்கிவிடும். குளிர் வந்ததும் சில வீடுகளுக்கு ஆசிரியையிடமிருந்து ஒரு குறிப்பு வரும்: பிள்ளை தானாகக் கோற் போடுவதில்லை, சிப் இழுக்க வரவில்லை, கத்தரிக்கோல் பிடிக்கக் கஷ்டப்படுகிறாள், ஓ.டி. பார்த்தால் நல்லது. எங்கள் மகளுக்கும் அப்படித்தான் வந்தது. அன்றிரவு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

ஓ.டி. என்றால் ஒக்குபேஷனல் தெரபி. ஊரில் தொழில்வழிச் சிகிச்சை என்பார்கள். உடுப்பது, சாப்பிடுவது, விளையாடுவது, எழுதுவது எல்லாம் பிள்ளையின் தொழில். அதில் எங்கே தடக்குப்படுகிறது என்று பார்த்து வழி காட்டுவார்கள். ஓட்டிசம் இருக்கிறதா இல்லையா என்று ஓ.டி. முடிவு சொல்ல மாட்டார். அது மருத்துவர், உளவியலாளரின் வேலை. பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்களோ என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

தனியார் ஓ.டி.க்கு ஓஹிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) காசு கட்டாது. காசில்லாமல் பார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று ஸ்மார்ட்ஸ்டார்ட் ஹப், பிள்ளையின் வளர்ச்சி பற்றிக் கவலை என்றால் முதலில் அழைக்கும் இடம். இதற்கு டாக்டரின் கடிதமும் வேண்டாம், நோயின் பெயரும் வேண்டாம், நீங்களே அழைக்கலாம். இதை நடத்தும் நிலையம் இடத்துக்கு இடம் வேறு: ஸ்காபரோ உட்பட ரொறன்ரோ முழுவதற்கும் ஹொலண்ட் புளூர்வியூ, ஏஜாக்ஸ் பக்கம் கிராண்ட்வியூ கிட்ஸ், மார்க்கம் நகருக்குச் சில்ட்ரன்ஸ் ட்ரீட்மென்ட் நெட்வேர்க், பிரம்ரனுக்கு எரின்ஓக்கிட்ஸ். குழப்பமாக இருந்தால் சமூக சேவைகள் பற்றிச் சொல்லும் 211 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்துக் கேளுங்கள். மற்றது பள்ளிக்கூட வழி: ஆசிரியையிடம் கேட்டால் அவர்கள் விண்ணப்பிப்பார்கள், உங்கள் சம்மதக் கையெழுத்து வேண்டும். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரலாம். ஆகவே இரண்டையும் ஒரே கிழமையில் தொடங்குங்கள். வேலையிடத்துக் காப்புறுதியில் ஓ.டி. என்று தனியாக எழுதியிருக்கிறதா பாருங்கள். பிசியோ இருந்தால் இதுவும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தனியாரிடம் போனால் அவர் ஒன்ராறியோ ஒக்குபேஷனல் தெரபிஸ்ட்ஸ் கொலிஜில் பதிவானவரா என்று அதன் இணையப் பதிவேட்டில் பார்க்கலாம்.

சரி, முதற் சந்திப்புக்கு வருவோம். இங்கேதான் நாங்கள் பிழைவிட்டோம். "வீட்டில் தானாகச் சாப்பிடுவாளா?" என்று ஓ.டி. கேட்டார். வெட்கத்தில் ஓம் என்றேன். அவர் ஒரு கரண்டியையும் யோகட்டையும் மகளின் முன்னால் வைத்தார். அவள் கரண்டியைத் தொடவில்லை. வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

வீட்டில் அம்மம்மாதான் சோறு தீத்துவார். சப்பாத்தும் அவர்தான் போட்டுவிடுவார். அன்பால் செய்வதுதான், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் அதைச் சொல்லாவிட்டால், பிள்ளைக்குச் செய்ய முடியவில்லையா, இல்லை செய்து பார்க்க நாங்கள் விடவில்லையா என்று ஓ.டி.க்குப் பிரித்தறிய வழியில்லை. யார் தீத்துவது, கையாலா கரண்டியாலா, யார் உடுப்பாட்டுவது, எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவாள், எந்தத் துணி உடம்பில் பட்டால் அழுவாள், எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொல்ல வராவிட்டால் சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். பிள்ளையோடு தமிழில் கதைப்பதை இதற்காக நிறுத்தவும் வேண்டாம்.

எங்களுக்கு முதலில் காட்டித் தந்தது கோற் போடும் முறை. கோற்றை உள்பக்கம் மேலே தெரிய நிலத்தில் விரித்து, கழுத்துப் பக்கம் பிள்ளையின் கால்விரலருகே வரும்படி வைக்க வேண்டும். பிள்ளை குனிந்து தன் இரண்டு கையையும் கோற்றின் கைகளுக்குள் விட்டு, தலைக்கு மேலால் அப்படியே பின்னால் எறிய வேண்டும். மூன்றாம் நாள் அவள் தானாகப் போட்டுவிட்டு, "அம்மம்மா, தொடாதேங்கோ!" என்று கத்தினாள்.

ஓ.டி. பார்ப்பது கொஞ்ச நேரம்தான், மிச்சம் வீட்டில். எங்கள் வீட்டு வேலைகளே பிள்ளையின் கைக்குப் பயிற்சி: ரொட்டிமா பிசைவது, பயற்றங்காய் முறிப்பது, ஒரு கை கொடுத்து இடியப்பம் பிழிவது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் கொக்கான் (சிறு கற்களை எறிந்து பிடிக்கும் விளையாட்டு) வெட்டலாம். இவற்றை ஓ.டி.யிடமும் சொல்லுங்கள், எது பொருந்தும் என்று சொல்வார். ஒன்று மட்டும்: பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடும் காலையில் பழக்காதீர்கள். சனிக்கிழமை பின்னேரம், அவசரம் இல்லாத நேரத்தில் கோற்றை நிலத்தில் விரியுங்கள்.