சென்சார் கெடவில்லை, குமிழிதான் காரணம்

பெங்களூருவில் பிஎச்டி செய்கிறேன். கல்லீரல் செல்கள் வளரும் சின்னச் சிப்பில், அவை வெளியிடும் லாக்டேட்டை மின்னோட்டமாக அளக்கும் மின்வேதி சென்சார்தான் என் வேலை. மீடியம் (செல்களுக்கான ஊட்டத் திரவம்) மாற்றிய முக்கால் மணி நேரத்தில் மின்னோட்டம் தாறுமாறாக எகிறும், பிறகு தட்டையாகிவிடும். ஒன்பது நாள் இதிலேயே போனது.

முதலில் சென்சாரில் லாக்டேட்டோடு வினைபுரியும் என்சைம் செத்துவிட்டது என்று நினைத்து, அந்த லாக்டேட் ஆக்சிடேஸைப் புதிதாகப் பூசினேன். மாற்றமில்லை. கேபிளை மாற்றினேன், வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் ஃபாரடே கூண்டுக்குள் வைத்தேன். அதுவும் வீண்.

மைக்ரோஸ்கோப்பில் எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஓசூரிலிருந்து வரும் ஜூனியர்தான் கேட்டாள்: "அக்கா, மேலிருந்து பார்த்தீங்களா?" எங்களுடையது இன்வெர்டெட் மைக்ரோஸ்கோப், கீழிருந்து பார்ப்பது. எலக்ட்ரோடின் உலோகப் படலம் ஒளி புகாதது, அதற்கு மேல் இருப்பதை அப்படியே மறைத்துவிடும். போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து மேலிருந்து பார்த்தேன். மின்னழுத்தத்தை ஒப்பிட உதவும் வெள்ளி/வெள்ளி குளோரைடு ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு மேல் கடுகளவு குமிழி! ரெஃபரன்ஸை அது மூடிவிட்டால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பொட்டென்ஷியோஸ்டாட் கருவிக்குப் பிடிமானமே இல்லை.

4 டிகிரி ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மீடியத்தை நேராக 37 டிகிரி சிப்புக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். குளிர்ந்த திரவத்தில் வாயு கூடுதலாகக் கரைந்திருக்கும், சூடானதும் வெளியே வரும். இப்போது மீடியத்தை முந்தைய இரவே இன்குபேட்டரில், மூடியைத் தளர்த்தி வைத்துவிடுகிறேன். சிப்புக்கு முன்னால், வரும் குமிழிகளைப் பிடித்துவைக்க ஒரு குமிழிப் பொறியும் உண்டு. பொறி மட்டும் போதவில்லை, அதைத் தாண்டிய பிறகும் சிப்புக்குள்ளேயே குமிழி பிறந்தது.

நான்கு நாளாகக் கோடு நேராக ஓடுகிறது. நேற்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.