லோயரிங் ஸ்பிரிங் போட்ட காருக்கு எந்த ஷாக் அப்சார்பர்? வாங்கும் முன் செய்ய வேண்டியவை

என் ஃபோக்ஸ்வாகன் போலோவில், வண்டியை 35 மி.மீ. தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் மட்டும் மாற்றிவிட்டு, கம்பெனி ஷாக்கையே விட்டுவைத்தேன். "ஒண்ணும் ஆகாது சார்" என்றார் கடைக்காரர். இரண்டு வாரத்தில், சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முன்பக்கம் டக்கென்று உதைக்க ஆரம்பித்தது. நெடுஞ்சாலையிலோ நேர்மாறாக, ஒவ்வொரு பாலம் இறங்கும்போதும் வண்டி இரண்டு முறை ஆடி அடங்கியது. ஒரே வண்டி எப்படி ஹார்டாகவும் தொளதொளவென்றும் இருக்கும் என்று குழம்பிப்போய், ஒரு ஜிப் டையை (ஒயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) வைத்துத்தான் விடையைக் கண்டுபிடித்தேன். நீங்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.

படி 1: எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று அளங்கள்

வண்டி தரையில் நிற்கும்போது முன்பக்க ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த கால்) ரப்பர் உறையைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். பளபளக்கும் ராடு தெரியும். ஷாக்கின் உடல் முடியும் இடத்திலிருந்து மேலே இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டை வரை ஸ்கேல் வைத்து அளங்கள். இதுதான் சக்கரம் மேலே வர உங்களுக்கு இருக்கும் இடம். அப்புறம் ராடில் ஒரு ஜிப் டையைச் சுற்றி, கையால் தள்ளினால் நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கி, ஷாக்கின் உடலோடு ஒட்டிக் கீழே இறக்கிவிடுங்கள். வழக்கமாகப் போகும் ரோட்டில், வீட்டில் வழக்கமாக ஏறுபவர்களை ஏற்றிக்கொண்டு, ஒரு நாள் ஓட்டுங்கள்.

திரும்பி வந்து பார்த்தால் டை மேலே தள்ளப்பட்டிருக்கும். என் வண்டியில் அது பம்ப் ஸ்டாப்பின் அடியிலேயே போய் நசுங்கிக் கிடந்தது. ஓட்டும் முன் அளந்தபோதே இருந்த இடம் வெறும் 20 மி.மீ. நான் ஹார்டு என்று நினைத்தது ஷாக்கை அல்ல, ரப்பர் கட்டையைத்தான். இந்த நிலையில் எவ்வளவு விலை கொடுத்து ஷாக் வாங்கினாலும் உதை நிற்காது. கொஞ்சம் உயரமான ஸ்பிரிங்குக்குப் போக வேண்டும், அல்லது உடல் குட்டையான ஷாக் வேண்டும்.

இன்னொன்று: ஐரோப்பாவிலிருந்து வரும் ஸ்பிரிங் கிட்டில் "30 மி.மீ." என்று எழுதியிருந்தால் அது அந்த ஊர் வண்டியின் உயரத்திலிருந்து கணக்கு. நம் ரோட்டுக்காகக் கம்பெனியே உயர்த்தி விற்ற போலோ மாதிரி வண்டி அதைவிட அதிகமாகவே இறங்கலாம்.

படி 2: ஸ்பிரிங்கின் கணக்கை எடுங்கள்

குழியின் அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கிய பிறகு அது ஆடிக்கொண்டே இருக்காமல் நிறுத்துவதுதான் ஷாக்கின் வேலை. லோயரிங் ஸ்பிரிங் பழையதைவிட இறுக்கமானது, அதை நிறுத்தும் பலம் கம்பெனி ஷாக்குக்கு இல்லாததால்தான் என் வண்டி பாலம் இறங்கும்போது இரண்டு முறை ஆடியது. அதனால் ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம் என்று தெரியாமல் ஷாக்கைத் தேர்ந்தெடுப்பது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது மாதிரி.

இங்கே புதியவர்கள் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. ஸ்பிரிங் 30 சதவீதம் இறுகினால் ஷாக்கும் 30 சதவீதம் இறுக வேண்டியதில்லை. எடை மாறாதவரை, தேவையான டாம்பிங், அதாவது ஆட்டத்தை அடக்க ஷாக் தரும் எதிர்ப்பு, ஸ்பிரிங் இறுக்கத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் ஏறும். 1.3-இன் வர்க்கமூலம் சுமார் 1.14, அதாவது 14 சதவீதம் போதும். ஸ்பிரிங்கை இரட்டிப்பாக்கினால்கூட 41 சதவீதம்தான். "இருக்கிறதிலேயே ஹார்டானதைக் கொடுங்க" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் வாங்கி முதுகுவலியோடு திரும்புகிறார்கள்.

படி 3: வகையை முடிவு செய்யுங்கள்

ட்வின் ட்யூப் என்பது குழாய்க்குள் குழாய். விலை குறைவு, நடை மென்மை. கரடுமுரடான ரோட்டில் தொடர்ந்து அடித்து ஓட்டினால் சூடேறி, எண்ணெயில் நுரை கட்டி, பிடி தளரும். ஒரே குழாய் உள்ள மோனோ ட்யூபில் வாயுவையும் எண்ணெயையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைப்பதால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் வெளிக்குழாயே சிலிண்டர் என்பதால் கல் தெறித்து ஒடுக்கு விழுந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்.

ஒரே கம்பெனிக்குள்ளும் கவனம் வேண்டும். ஷாக் தயாரிக்கும் பில்ஸ்டைனில் பி6 மாடல் வண்டியின் கம்பெனி உயரத்துக்கு, பி8 இறக்கிய வண்டிக்காகக் குட்டையாகச் செய்தது. லோயரிங் ஸ்பிரிங்கோடு பி6 வாங்கி மாட்டினால் படி 1-இல் பார்த்த அதே இடிதான். இன்னொரு ஷாக் கம்பெனியான கோனியின் மஞ்சள் நிற ஸ்போர்ட் மாடலில் திருகைத் திருப்பினால் மாறுவது ரீபவுண்ட் மட்டும், அதாவது நீளும்போது தரும் எதிர்ப்பு. குழியில் இறங்கும் அடியை அந்தத் திருகு குறைக்காது. பல மாடல்களில் பின்பக்க ஷாக்கைக் கழற்றி முழுக்க அமுக்கித்தான் திருப்பவும் முடியும். இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக, உயரத்தை மாற்றும்படி வரும் காயில்ஓவர்? உயரத்தை ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனியாக வைக்கத் தேவையில்லாதவருக்கு அது வீண் செலவு. விலை குறைந்த காயில்ஓவரைவிட நல்ல ஸ்பிரிங்கும் பொருந்தும் ஷாக்கும் மேல் என்பது என் கருத்து.

படி 4: மாட்டும்போது

இடம், வலம் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். டாப் மவுண்ட் (ஸ்ட்ரட்டை மேலே வண்டியோடு பிடிப்பது), பேரிங், பம்ப் ஸ்டாப் மூன்றையும் கூடவே மாற்றிவிடுங்கள், பிறகு அதற்காக மறுபடி கழற்றினால் கூலி இரட்டிப்பு. ரப்பர் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) உள்ள போல்ட்டுகளை வண்டி லிஃப்டில் தொங்கும்போது இறுக்கவிடாதீர்கள். சக்கரம் தரையில் நின்ற பிறகு இறுக்கினால்தான் புஷ் முறுக்கிக்கொண்டு கிழியாது. கடைசியாக வீல் அலைன்மென்ட்.

படி 5: செட் செய்வது

திருகு உள்ள அட்ஜஸ்டபிள் ஷாக் என்றால் முழு மென்மையில் தொடங்குங்கள். பாலம் இறங்கியதும் வண்டி ஒரே அசைவில் அடங்கும் வரை கால் சுற்று, கால் சுற்றாக ஏற்றுங்கள். இடமும் வலமும் ஒரே அளவு. அதற்கு மேல் போனால் எப்படித் தெரியும்? டோல்கேட்டுக்கு முன் வரிசையாக இருக்கும் மேடுகளில் ஓட்டிப் பாருங்கள். ரீபவுண்ட் அதிகமானால் சக்கரம் கீழே வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். வண்டி ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசியில் கட்டை மாதிரி அடிக்கும். உடனே கால் சுற்று குறையுங்கள்.

என் வண்டி இப்போது 20 மி.மீ. மட்டுமே இறங்கியிருக்கிறது. முன்னால் முக்கால் சுற்று, பின்னால் அரைச் சுற்று. மெக்கானிக் மறந்துவிடுவார் என்று பானட்டின் உள்பக்கம் மார்க்கரில் எழுதியே வைத்திருக்கிறேன்.