பல்கலைக்கழகம் உங்கள் தெருவை மாற்றுகிறதா? கண்டுபிடிக்கும் வழி

வாடகைதாரர் சங்கத்துக்காகத் தெருத் தெருவாகக் கணக்கெடுப்பவள் நான். வாடகை ஏறினால் உடனே மாணவர்களைத் திட்டுவது வழக்கம். கொஞ்சம் பொறுங்கள், முதலில் வாசலைப் பாருங்கள்.

ஒரே கதவில் நாலைந்து அழைப்பு மணிகள், கூடத்தை நடுவில் தடுத்துப் போட்ட புதுப் பலகைச் சுவர், 'ஆளுக்கு இவ்வளவு' என்று கேட்கும் விளம்பரம். இவை இருந்தால் அந்த வீடு குடும்பத்தின் கையை விட்டுப் போய்விட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் பங்கு போட்டுத் தரும் வாடகையை ஒரு சம்பளக் குடும்பம் எப்படித் தரும்? லாபம் மாணவருக்கில்லை, வீட்டுக்காரருக்குத்தான்.

அப்புறம், பல்கலைக்கழக ஆண்டறிக்கையில் மாணவர் எண்ணிக்கையிலிருந்து விடுதி இடங்களைக் கழியுங்கள். ஆண்டுதோறும் அந்த இடைவெளி பெருகினால் நெருக்கடி உங்கள் தெருவுக்குத்தான் வரும். புது விடுதி வந்தாலும் அதன் கட்டணத்தை விசாரியுங்கள். தனியார் சொகுசு விடுதி என்றால் வசதியில்லாத மாணவர் மறுபடி உங்கள் தெருவிலேயே வீடு தேடுவார்.

மாணவர் மட்டுமே காரணம் என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆதரவோடு 2001-ல் ஒரு நல்ல அரசுப் பள்ளி திறந்தது. அதன் சேர்க்கை எல்லைக்குள், அதாவது எந்தப் பகுதிப் பிள்ளைகளுக்காக அந்தப் பள்ளியோ அந்தப் பகுதிக்குள், வீட்டு விலை எகிறியது.

கணக்கு கையில் இருந்தால் நகராட்சியிடம் போங்கள். இங்கிலாந்தில் நகர மன்றங்கள் குறிப்பிட்ட பகுதிகளில், குடும்ப வீட்டைப் பகிர்வு வீடாக மாற்ற அனுமதி கட்டாயம் என்று அறிவிக்கலாம். ஏற்கெனவே மாறிய வீடுகளை அது தொடாது. அதனால் சீக்கிரமே கேளுங்கள்.