வரப்போரம் நின்று எண்ணாதீர்கள்

பிளஸ் டூவில் கணக்குக்குப் பயந்து பியூர் சயின்ஸ் எடுத்து, பிறகு விலங்கியலில் சேர்ந்தவர்கள் ஒன்றை நம்பிக்கொண்டிருப்பார்கள். வயலுக்குப் போய் எண்ணிவருவது நம் வேலை, கணக்கைக் கடைசியில் யாராவது போட்டுத் தருவார்கள் என்று. நானும் அப்படி இருந்தவன்தான். எங்கள் கும்பகோணத்து ராமானுஜன் கணக்கிலேயே மூழ்கி, மற்ற பாடங்களைக் கோட்டைவிட்டுக் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். நாங்கள் அதற்கு நேர் எதிர்.

என் ப்ராஜெக்ட், சம்பா வயலில் புகையான் பூச்சியை எண்ணுவது. முதல் நாள் வரப்பில் நின்றபடியே, கைக்கு எட்டிய இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வயல்காரப் பெரியவர் பார்த்துவிட்டு, "தம்பி, அது மேல இருக்காது. உள்ள எறங்கி அடித்தூரைப் பிரிச்சுப் பாருங்க" என்றார். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டோடு ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பூச்சி அது. வயல் முழுக்கச் சீராகவும் இருக்காது, திட்டுத் திட்டாகச் சேரும். அதனால்தான் பயிர் வட்ட வட்டமாகக் காய்கிறது.

ஓரத்தில் எண்ணினால் ஓரத்தின் கதைதான் தெரியும். எந்தக் குத்தை, அதாவது ஓரிடத்தில் சேர்த்து நட்ட எந்த நாற்றுக் கொத்தை, பார்ப்பது என்பதைச் செருப்பைக் கழற்றும் முன்பே முடிவு செய்யுங்கள். மூலையிலிருந்து நீளவாக்கில் எத்தனை எட்டு நடப்பது, உள்ளே எத்தனை எட்டு வைப்பது என்று சீட்டுக் குலுக்கினால் போதும். கண்ணில் பட்டதை எடுத்துவிட்டு 'ரேண்டம்' என்று எழுதுவதுதான் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் நான் அதிகம் பார்க்கும் பொய்.

ஒரு நாள் பத்துக் குத்தில் எனக்கு வந்தவை: 0, 0, 1, 0, 0, 2, 0, 0, 0, 47. கடைசி எண்ணை 'ஏதோ தப்பு' என்று அடிக்கப் போனேன். அடித்திருந்தால் சராசரி 5-லிருந்து 0.3-க்கு இறங்கியிருக்கும். பூச்சிகள் தம் போக்கில் சிதறியிருந்தால், அதாவது பாய்சான் பரவலில், விலக்க வர்க்கச் சராசரியும் (வேரியன்ஸ், எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) 5-ஐ ஒட்டியே வரும். இங்கே 218! கூட்டம் கூடியிருக்கிறது என்று எண்களே சொல்கின்றன. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட்டில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள்.

இயற்கை உரம் போட்ட ஒரு வயல், யூரியா போட்ட ஒரு வயல், இரண்டிலும் முப்பது முப்பது குத்து. உடனே மாதிரி அளவு 60 என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் ஒவ்வொரு உரத்துக்கும் ஒரே ஒரு வயல்தான் இருக்கிறது. ஒன்று வாய்க்கால் தலைப்பில், மற்றது கடைமடையில் என்றால் வித்தியாசம் உரத்தாலா தண்ணீராலா? பல வயல் வேண்டும், எதற்கு எந்த உரம் என்பதும் குலுக்கலில் வர வேண்டும். 1919-ல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணை ஆய்வு நிலையத்தில் சேர்ந்த புள்ளியியலாளர் ஃபிஷர் வளர்த்தெடுத்த முறை இது. புள்ளியியலில் ஒரு பகுதி வயலில் பிறந்ததுதான், நமக்கு அந்நியமில்லை.

அலகையும் கவனியுங்கள். புகையானுக்கு மருந்தடிக்க யோசிக்கும் அளவு தூருக்கு, அதாவது குத்தில் கிளைத்த ஒரு தண்டுக்கு, 1 பூச்சி. பூச்சியைத் தின்னும் சிலந்தி குத்துக்கு ஒன்று இருந்தால் தூருக்கு 2. நான் "சராசரி அஞ்சு" என்று சொல்லிப் பெரியவரைக் கலங்கடித்தேன். அது குத்துக் கணக்கு. குத்துக்கு 15 தூர் என்றால் தூருக்கு மூன்றில் ஒன்றுதான். ஆனால் அந்த 47 இருந்த குத்தில் தூருக்கு 3. அவர் மறுபேச்சில்லாமல் அந்தத் திட்டை நோக்கி நடந்தார்.

பூச்சி இல்லாத குத்துக்கும் 0 போடுங்கள். காலியாக விட்டால், பார்க்கவில்லையா, பார்த்தும் இல்லையா என்பது ஒரு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. பென்சிலில் எழுதுங்கள், ஜெல் பேனா எழுத்து நனைந்தால் கரையலாம்.